திதி தெரியாத வீடு

புதுக் குடும்ப அட்டைக்காகக் கணக்கெடுக்க வந்தவர் ஆச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பழைய அட்டையைப் பிரித்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். தாத்தா பெயர் வந்ததும் ஆச்சி, "தவறிட்டாக" என்றாள். அவர் ஒரு கோடு இழுத்தார். அடுத்து என் அம்மா பெயர். "அவளைக் கட்டிக்குடுத்தாச்சுய்யா, எடுத்துருங்க." இன்னொரு கோடு. பெரிய மாமா, அத்தை, பிள்ளைகள் எல்லாம் சரி. கடைசியாகச் சின்ன மாமா பெயர்.

"இருக்காரா?"

"இருக்கான்."

"வீட்லயா?"

ஆச்சி பதில் சொல்லவில்லை.

"வெளியூரா? அப்படின்னா இந்தக் கார்டுல இருந்து எடுக்கணுமே பாட்டி."

"வெளியூருன்னு எப்படிய்யா சொல்லுதது?"

அவர் கேட்பதற்கு மூன்று கேள்விகள்தான் இருந்தன. ஆள் இருக்கிறாரா, குடிபெயர்ந்துவிட்டாரா, இறந்துவிட்டாரா? சின்ன மாமா மூன்றிலும் இல்லை. பெரிய மாமா வந்து மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னார். வந்தவர் நல்ல மனிதர். பேனாவை மூடிவைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

சின்ன மாமா 1984-இல், பொங்கல் முடிந்த மறு வாரம், தூத்துக்குடியில் ஒரு வேலை இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று மஞ்சப்பையோடு பஸ் ஏறினார். வயது 24. வீட்டில் சண்டை கிடையாது, வெளியே கடன் கிடையாது. ஒரு வாரம் கழித்துப் பெரிய மாமா தூத்துக்குடி போய் விசாரித்தார். அப்படி ஒருவர் வேலை கேட்டு வரவே இல்லை என்றார்கள். அதற்குமேல் எனக்குத் தெரிந்த கதை ஒன்றுமில்லை. நாற்பது வருடமாக எங்கள் குடும்பத்துக்கும் அதற்குமேல் தெரியாது.

போன அத்தியாயத்தில், மரணத்துக்குப் பிறகு வரும் துக்கம் மெல்ல மெல்ல எப்படி உருமாறுகிறது என்று பார்த்தோம். அந்த மாற்றம் நடப்பதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு என்பதை அங்கே சொல்லாமல் விட்டேன். மரணம் நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் என்ன ஆகிறது?

இந்தக் கேள்விக்கு முதன்முதலில் ஒரு பெயர் வைத்தவர் பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்பநல ஆய்வாளர். 1970-களில், வியட்நாம் போரில் விமானத்தோடு காணாமல்போன விமானிகளின் மனைவிகளையும் பிள்ளைகளையும் அவர் சந்தித்துப் பேசினார். அந்த வீடுகளில் அவர் கண்டது வழக்கமான துக்கமாக இல்லை. கணவர் இறந்துவிட்டார் என்று அரசு சொல்லவில்லை, உயிரோடு இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. வீட்டின் பெரிய முடிவுகளை யார் எடுப்பது, பையனைக் கண்டிப்பது யார், மேசையில் அப்பாவின் நாற்காலியில் யாராவது உட்காரலாமா என்று ஒவ்வொன்றும் அந்தரத்தில் நின்றது. குடும்பம் என்ற வட்டத்துக்குள் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதே அந்தக் குடும்பத்துக்குத் தெரியவில்லை. இதை அவர் 'தெளிவற்ற இழப்பு' என்றார். 1999-இல் அதே தலைப்பில் அவர் எழுதிய நூல் உளவியல் துறைக்கு வெளியேயும் பரவலாக வாசிக்கப்பட்டது. சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய தந்தைக்குப் பிறந்தவர் பாஸ். கடலுக்கு அப்பால் விட்டுவந்த தாயையும் ஊரையும் நினைத்து அவ்வப்போது வாடிப்போகும் அந்தத் தந்தையின் முகத்தில்தான் இந்தக் கேள்வி தனக்கு முதலில் தோன்றியது என்று பின்னாளில் எழுதினார்.

தெளிவற்ற இழப்பில் இரண்டு வகை உண்டு என்பது அவர் கணக்கு. உடல் இல்லாமல் நினைவில் மட்டும் ஆள் இருப்பது ஒன்று. உடல் எதிரே இருந்தும் ஆள் இல்லாமல்போவது மற்றொன்று. மறதிநோய் முற்றிய பெற்றோரைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கு அது தெரியும். இந்த அத்தியாயம் முதல் வகையைப் பற்றியது.

தெரியாமல் இருப்பது உடம்புக்கு என்ன செய்கிறது என்பதைக் காட்டும் ஓர் எளிய பரிசோதனை உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டது. 45 பேரைக் கணினித் திரையின் முன் உட்காரவைத்து, தோன்றும் பாறைகளுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்கச் சொன்னார்கள். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி. எந்தப் பாறைக்கு அடியில் பாம்பு இருக்கும் என்பதன் வாய்ப்பு மாறிக்கொண்டே இருக்கும். விளையாடுகிறவர்களின் வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்தார்கள். மனப்பதற்றம் எவ்வளவு என்று அவர்களிடமே கேட்டும் குறித்துக்கொண்டார்கள்.

அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்தபோதுதான் பதற்றம் உச்சத்தில் இருக்கும் என்று நாம் நினைப்போம். உச்சம் தொட்டது வேறோர் இடத்தில். வரலாம், வராமலும் இருக்கலாம் என்று வாய்ப்பு சரிபாதியாக, 50 விழுக்காடாக இருந்தபோது. வலி உறுதி என்று தெரிந்தவர்களின் உடல் அதைவிட அமைதியாக இருந்தது.

சில நிமிட விளையாட்டில் கையில் வரும் அதிர்ச்சியையும், பிள்ளையைத் தொலைத்த தாயின் இருபத்தேழு வருடத்தையும் ஒன்றாக வைக்க முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனால் "ஒரு முடிவு தெரிஞ்சாப் போதும், அது என்ன முடிவா இருந்தாலும் சரி" என்று காணாமல்போனவர்களின் வீடுகளில் திரும்பத் திரும்பச் சொல்வார்களே, அது பலவீனத்தில் வரும் பேச்சு இல்லை என்பதை இந்தப் பரிசோதனை எனக்குப் புரியவைத்தது. உறுதியான கெட்ட செய்தியைத் தாங்கிக்கொள்ள உடலுக்கு ஒரு வழி இருக்கிறது. சரிபாதி வாய்ப்பில் நாட்கணக்காக நிற்பதற்கு அதனிடம் வழி இல்லை.

அதிலும் அந்தச் சரிபாதி, சரிபாதியாகவே நிற்பதில்லை. சின்ன மாமா போன முதல் வருடத்தில் அவரை ஐந்தாறு பேர் 'பார்த்தார்கள்'. திருச்செந்தூர் மாசித் திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் பார்த்தார். பம்பாயில் தாராவியில் ஓர் இட்லிக்கடையில் பார்த்ததாக ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொரு முறையும் பெரிய மாமா கிளம்பிப் போனார். ஒவ்வொரு முறையும் ஆச்சி வீட்டை மெழுகிக் கோலம் போட்டாள். பிறகு வருடத்துக்கு ஒன்று, இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று செய்திகள் குறைந்தன. ஆனால் அற்றுப்போகவில்லை. குறி சொல்கிறவர்களிடமும் போனார்கள். தெற்கே போனவன் வடக்கே இருக்கிறான், சோற்றுக்குக் கஷ்டம் இல்லை, ஆனி கழிந்து சேதி வரும். எந்தக் குறிகாரரும் அவன் இறந்துவிட்டான் என்று சொன்னதே இல்லை.

ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த பரிசோதனைகளைப் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்போம். கொத்தும் ஒவ்வொரு முறையும் தானியம் விழுந்து பழகிய புறா, தானியம் நின்றதும் விரைவில் கொத்துவதை விட்டுவிடும். எப்போது விழும் என்று சொல்ல முடியாமல் எப்போதாவது விழுந்து பழகிய புறா, தானியம் அடியோடு நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். எப்போதோ வரும் செய்தி, எப்போதோ வரும் கடிதம், பின்னாலிருந்து பார்க்க அவனைப் போலவே தெரிந்த ஒருவனின் நடை. காத்திருப்பை இதைவிட வலுவாக மனத்தில் ஊன்றக்கூடிய முறையை யாரும் வடிவமைக்க முடியாது.

மூளைக்குள்ளும் ஒரு காரணம் இருக்கிறது. நார்வேயின் ட்ரோன்ஹைம் நகரில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோரின் ஆய்வகத்தில் எலிகளின் மூளையில் ஒரு விசித்திரமான வகை உயிரணுவைக் கண்டு 2013-இல் வெளியிட்டார்கள். (மூளையின் இட வரைபடத்தைக் கண்டறிந்ததற்காக இந்த இருவருக்கும் அடுத்த ஆண்டே நோபல் பரிசு கிடைத்தது.) எலி நடமாடும் பெட்டிக்குள் ஓரிடத்தில் ஒரு பொருளை வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு அதை எடுத்துவிடுகிறார்கள். பொருள் இல்லை. ஆனால் அது இருந்த இடத்துக்கு எலி வரும்போது, 'என்டோரைனல் புறணி' என்னும் பகுதியில் சில உயிரணுக்கள் துடிக்கின்றன. அந்தத் துடிப்பு நாட்கணக்கில் நீடிக்கிறது.

அரிசோனா பல்கலைக்கழகத்தில் துக்கத்தை ஆராயும் மேரி பிரான்சிஸ் ஓகானர் இந்த எலிகளிலிருந்து ஒரு கருத்தை வளர்த்தெடுக்கிறார். நம் அன்புக்குரியவர் எங்கே, எப்போது கிடைப்பார், நமக்கு எவ்வளவு நெருக்கம் என்ற வரைபடம் மூளையில் ஆழப் பதிந்திருக்கிறது. ஒருவர் இறந்ததும் அந்த வரைபடம் ஒரே நாளில் அழிவதில்லை. காலையில் எழுந்து பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை, சாப்பாட்டுக்கு ஆள் வரவில்லை என்று நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஏமாற்றங்கள் வழியாக மூளை திருத்திக்கொண்டே வருகிறது. துக்கம் என்பது ஒருவகையில் கற்றல் என்கிறார் அவர். இறந்த உடலைப் பார்த்ததும், இடுகாட்டில் நின்றதும், பதினாறாம் நாள் காரியமும் அந்தக் கற்றலுக்கான பாடங்கள்.

இதை நம் கதைக்கு இழுத்துப் பாருங்கள். காணாமல்போனவர் விஷயத்தில் மூளைக்கு ஏமாற்றங்கள் எல்லாம் கிடைக்கின்றன, பாடம் மட்டும் கிடைப்பதில்லை. ஆள் வரவில்லை என்பது தெரிகிறது. ஆனால் வரவில்லை என்பதற்கு இரண்டு பொருள். இன்னும் வரவில்லை, இனி வரமாட்டார். எந்தப் பொருளைக் கொண்டு வரைபடத்தைத் திருத்துவது? உயிரோடு இருக்கும் பிள்ளையை மனத்தில் அழித்துவிடுவதைவிடப் பெரிய தவறு ஒரு தாய்க்கு இருக்க முடியாது. அந்த ஆபத்தை ஏற்க அவள் மறுக்கிறாள். அவளுடைய மூளை பிழையாக வேலை செய்யவில்லை. சான்று இல்லாமல் முடிவெடுக்க மறுக்கிறது. அறிவியலில் அதைத்தானே நாம் மெச்சுகிறோம்?

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "ஏத்துக்கோ", "மனசை ஆத்திக்கோ", "எத்தனை நாளைக்கு இப்படி?" என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்கள் அந்தத் தாயிடம் குறை இருப்பதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். மருத்துவ நூல்களே இதில் தடுமாறுகின்றன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2022-இல் 'நீடித்த துக்கக் கோளாறு' என்ற ஒன்றைச் சேர்த்தது. மரணம் நிகழ்ந்து 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் குறைந்தது 6 மாதம். இரண்டு கடிகாரங்களும் மரணத்திலிருந்துதான் ஓடத் தொடங்குகின்றன. மரணத் தேதியே இல்லாதவருக்குக் கடிகாரத்தை எங்கிருந்து ஓட்டுவது?

போஸ்னியாவில் போருக்குப் பிறகு இரண்டு வகைப் பெண்களை ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2010-இல் வந்தது. ஒரு பிரிவினர் கணவர் இறந்தது உறுதியானவர்கள். மற்றப் பிரிவினரின் கணவர்கள் காணாமல்போனவர்கள். மனச்சோர்வும் ஆறாத துயரமும் இரண்டாவது பிரிவில் கூடுதலாக இருந்தன. எல்லா நாடுகளிலும் முடிவுகள் இவ்வளவு தெளிவாக இல்லை. கொலம்பியாவில் 2015-இல் வெளியான ஆய்வில், காணாமல்போனோரின் உறவினர்கள் இறந்தோரின் உறவினர்களைவிட மோசமான நிலையில் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் காணாமல்போனவர் உயிரோடு இருக்கிறார் என்ற நம்பிக்கை எவ்வளவு வலுவாக இருந்ததோ அவ்வளவுக்குத் துயரமும் நீடித்தது. நம்பிக்கை மருந்து என்றே கேட்டு வளர்ந்த நமக்கு இது இடிக்கும். நம்பிக்கையை விட்டுவிடச் சொல்வதா என்றால், இல்லை. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் தமிழில் இந்தத் துயரம் மிகப் பெரிய அளவில் வாழப்பட்டுக்கொண்டிருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

இலங்கையில் 1990 முதல் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு பதிவு செய்த காணாமல்போனோர் எண்ணிக்கை மட்டும் 16,000-க்கு மேல். அதில் தமிழ் இளைஞர்களும் உண்டு, போர்க்களத்திலிருந்து திரும்பாத சிங்களப் படைவீரர்களும் உண்டு. தெற்கே 1980-களின் இறுதிக் கிளர்ச்சியில் காணாமல்போன சிங்கள இளைஞர்களின் தாய்மார் தனியே ஓர் இயக்கம் கண்டார்கள். வடக்கில் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்பாகத் தாய்மார் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். சில நாட்களில் வவுனியாவிலும் பிற ஊர்களிலும் அதுபோன்ற பந்தல்கள் எழுந்தன. பிள்ளையின் புகைப்படத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்தவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள்.

அந்தத் தாய்மார் ஒரு சொல்லைப் பற்றி விடாப்பிடியாக இருக்கிறார்கள். 'காணாமல் போனோர்' என்று எழுதினால் திருத்துவார்கள். 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதச் சொல்வார்கள். போவது தன்வினை. போனவர் தாமாகப் போனார், பொறுப்பு யாருக்கும் இல்லை. ஆக்கப்பட்டார் என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார். 2009 மே மாதம் வட்டுவாகல் பக்கம் பிள்ளைகளையும் கணவரையும் தம் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்ததாகச் சாட்சியம் சொன்னவர்களுக்கு, கடைசியாக எங்கே, யாரிடம் விட்டோம் என்பது தெரியும். அவர்களுக்கு இது இலக்கண நுணுக்கம் இல்லை. நினைவு. பாஸ் சொல்லும் தெளிவின்மை இயற்கையாக வந்தது ஒன்று, யாரோ தெரிந்தே மறைப்பதால் வந்தது மற்றொன்று. இரண்டாவதில் துயரத்தோடு அநீதியும் சேர்கிறது. எந்த ஆலோசகரும் அதைப் பேச்சால் கரைத்துவிட முடியாது.

2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி, காணாமல்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். விசாரணைக்குப் பின் மரணச் சான்றிதழ் கொடுக்க ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். தாய்மார் அதை ஏற்கவில்லை. முடிவு தெரிந்தால் போதும் என்று சொன்னவர்கள்தானே, முடிவைச் சொன்னதும் ஏன் மறுத்தார்கள் என்று கொழும்பில் சிலர் கேட்டார்கள். எங்கே, எப்படி, யாரால் என்று எதுவுமே இல்லாமல் 'இறந்துவிட்டார்' என்ற ஒற்றைச் சொல் முடிவு ஆகாது. மூளைக்குப் பாடம் தேவை என்று சொன்னேன். இது பாடமில்லாத தேர்வு முடிவு.

மனைவிகளின் நிலை இன்னும் நுட்பமானது. தாலி கழுத்தில் இருக்கிறது. பொட்டு வைப்பதா? வைத்தால் 'புருசன் எங்கேயெண்டு தெரியாம இவவுக்குப் பொட்டு' என்று ஒரு வாய். வைக்காவிட்டால் 'உயிரோட இருக்கிற மனுசனைக் கொண்டுபோட்டா' என்று இன்னொரு வாய். கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்கக் கூப்பிடுவதா, ஓரமாக உட்காரவைப்பதா என்று அழைத்தவர்களுக்கும் தெரியாது. சுமங்கலி, விதவை என்று இரண்டே பெட்டிகள் வைத்திருக்கும் சமூகத்தில் மூன்றாவதாக நிற்கிறவள் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் ஒரு தீர்ப்பை எழுத வேண்டியிருக்கிறது.

சட்டத்துக்கும் இதே இரண்டு பெட்டிகள்தான். ஏழு வருடம் தகவலே இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்ற விதி 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சட்டங்களில் உருவாகி, 1872-இன் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுக்கு வந்து, இப்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 111-ஆம் பிரிவாக இருக்கிறது. ஏழு வருடத்துக்கு வங்கிக் கணக்கு, காப்பீடு, நிலப் பட்டா எல்லாம் நின்றுபோகும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று குமரிக் கடற்கரை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் திரும்பாதபோது இந்த ஏழு வருடம் பெரிய கேள்வியானது. குழித்துறையில் ரயிலை மறித்து உட்கார்ந்தவர்கள் முதலில் கேட்டது பணத்தை அல்ல. தேடுங்கள் என்றார்கள். நிவாரணம் பிறகு, ஏழு வருடம் காத்திராமலே வந்தது. இலங்கை 2016-இல் வேறு வழி ஒன்றைச் சட்டமாக்கியது. இறந்தார் என்று சொல்லாமல், இவர் இல்லாதிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ். அதை வைத்துக் குடும்பம் சொத்து, வங்கி விஷயங்களைப் பார்க்கலாம், யாரையும் சாகடிக்க வேண்டியதில்லை. நடைமுறையில் அதன்மேல் பல குடும்பங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் எண்ணம் சரியானது. கணக்கெடுக்க வந்தவரின் பென்சில் புள்ளியைச் சட்டமாக எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

எலும்புகள் பேசத் தொடங்கியதும் கதை முடிந்துவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் கொல்லப்பட்ட சுமார் 8,000 ஆண்களில் ஏறக்குறைய 7,000 பேரை மரபணுச் சோதனை அடையாளம் கண்டிருக்கிறது. பெரிய சாதனை. ஆனால் கொலையை மறைக்கப் புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி வேறு இடங்களுக்கு மாற்றியிருந்தார்கள். ஒரே மனிதனின் எலும்புகள் பல குழிகளில் சிதறிக் கிடந்தன. தொடை எலும்பு ஒன்று கிடைத்திருக்கிறது, இப்போது அடக்கம் செய்கிறீர்களா, மிச்சமும் கிடைக்கட்டும் என்று காத்திருக்கிறீர்களா என்று தாயிடம் கேட்க வேண்டியிருந்தது. சிலர் அந்த ஓர் எலும்பையே அடக்கம் செய்தார்கள். சிலர் காத்திருந்தார்கள்.

அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. அப்போது பிடித்துச் செல்லப்பட்டவர்களின் தாய்மார் 1977 முதல் ப்யூனஸ் அயர்சின் மே சதுக்கத்தில் வெள்ளைத் தலைக்குட்டையோடு சுற்றிவந்தார்கள். ஜனநாயகம் திரும்பியதும் புதைகுழிகளைத் தோண்டலாமா என்ற கேள்வியில் 1986-இல் அவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். எலும்பை வாங்கிக்கொண்டால் கொன்றவர்கள் கணக்கு முடிந்துவிடும், உயிரோடு கொண்டுபோனீர்கள், உயிரோடு கொண்டுவாருங்கள் என்றது ஒரு பிரிவு. எலும்பு வேண்டும் என்றது மற்றொன்று. இவர்களோடு சேர்ந்து வளர்ந்த பாட்டிமார் இயக்கம் ஒன்றும் உண்டு. சிறையில் பிறந்து வேறு வீடுகளில் ரகசியமாக வளர்க்கப்பட்ட பேரப்பிள்ளைகளைத் தேடியவர்கள். நடுவில் பெற்றோர் இல்லாதபோது பேரனையும் பாட்டியையும் ரத்தம் கொண்டு இணைப்பது எப்படி என்று அவர்கள் விஞ்ஞானிகளிடம் கேட்டார்கள். மரபியலாளர் மேரி-கிளேர் கிங் 1984-இல் அந்த வேலையில் இறங்கினார். தாய்வழியாக மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா மரபணு, தாயைத் தாண்டித் தாய்வழிப் பாட்டியை நேராகக் காட்டிக்கொடுத்தது. இதுவரை 130-க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் கண்டறியப்பட்டிருக்கிறார்கள். அறிவியலிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை அந்தப் பாட்டிகள்தான் தீர்மானித்தார்கள்.

யாழ்ப்பாணம் செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில் 2025-இல் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளுடையவையும் அவற்றில் இருந்தன. கூடவே ஒரு நீலநிறப் பள்ளிப்பை, ஒரு பொம்மை. ஆகஸ்ட் 5 அன்று, எடுக்கப்பட்ட துணிகளையும் பொருட்களையும் மக்கள் வந்து பார்த்து அடையாளம் காட்டலாம் என்று வைத்தார்கள். மண் படிந்த ஒரு சட்டையின் முன்னால் நிற்கும் பெண் எதை வேண்டிக்கொள்வாள்? இது அவனுடையதாக இருக்க வேண்டும் என்றா, இருக்கக் கூடாது என்றா? இரண்டையும்தான். ஒரே மூச்சில்.

அந்த இரண்டையும் ஒரே மூச்சில் வைத்திருக்கும் நிலையை நோயாகப் பார்க்காமல் பலமாகப் பார்த்ததுதான் பாஸ் செய்த முக்கியமான வேலை என்று நான் நினைக்கிறேன். நம்பிக்கையை விடவும் வேண்டாம், மரணத்தை ஏற்கவும் வேண்டாம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தேடுவேன், அடுப்பும் மூட்டுவேன். தமிழுக்கு இது புதிதில்லை. 'அவன் வருவதற்கும் உரியவன்' என்று சொன்னால், வராமல்போவதற்கும் உரியவன் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. இலக்கணத்தில் இதற்கு எதிர்மறை உம்மை என்று பெயர். ஓர் 'உம்'முக்குள் இரண்டு முடிவுகளையும் உட்காரவைக்கத் தெரிந்த மொழி நம்முடையது. காவிரி கொண்டுபோன ஆட்டனத்தியைத் தேடிக் கரையெல்லாம் அலைந்த ஆதிமந்தியைப் பரணர் பாடினார். ஆதிமந்தியார் பெயரிலேயே குறுந்தொகையில் ஒரு பாட்டு இருக்கிறது. அந்தத் தேடலை யாரும் பைத்தியம் என்று அங்கே சொல்லவில்லை.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் பாஸ் நியூயார்க்கில் காணாமல்போனோரின் குடும்பங்களோடு வேலை செய்தார். இரட்டைக் கோபுரங்களில் துப்புரவும் பராமரிப்பும் செய்த தொழிலாளர்களின் குடும்பங்கள் அவை. அங்கே இறந்தவர்களில் சுமார் 40 விழுக்காட்டினரின் எச்சம் இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. தனித்தனியாக மருத்துவர் அறைக்குக் கூப்பிடாமல், தொழிற்சங்கக் கட்டடத்தில் பல குடும்பங்களைப் பிள்ளைகுட்டிகளோடு ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார்கள். "உங்களிடம் குறை இல்லை, சூழ்நிலைதான் அப்படி" என்பதுதான் முதல் வாக்கியம். கிளிநொச்சிப் பந்தலில் எந்த நிபுணரும் சொல்லித்தராமலே தாய்மார் அதைத்தான் செய்தார்கள். அங்கே யாரும் யாரிடமும் 'ஏத்துக்கோ' என்று சொல்ல மாட்டார்கள்.

குடும்பத்தில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வர வேண்டியதில்லை என்பதையும் பாஸ் வற்புறுத்துகிறார். இதை எங்கள் வீட்டில் யாராவது அன்றே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்து வருடம் கழிந்ததும் பெரிய மாமாவுக்குத் தம்பி இல்லை என்று உள்ளுக்குள் தீர்மானமாகிவிட்டது. தர்ப்பையில் உருவம் செய்து தகனம் பண்ணிக் காரியம் செய்ய சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது, திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கிறது என்று யாரோ சொல்ல, எள்ளும் தண்ணீரும் விடுகிறேன் என்றார். ஆச்சி அன்றைக்கு அவர் முகத்தில் முழிக்க மறுத்துவிட்டாள். இரண்டு மாதம் ஒரே வீட்டில் பேச்சில்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு சடங்கு. அவளுக்குத் தேவைப்பட்டது அந்தச் சடங்கு நடக்காமல் இருப்பது. இருவரும் ஒரே ஆளுக்காகத்தான் அழுதார்கள்.

ஆச்சி 2011-இல் தவறினாள். பெரிய மாமா கொள்ளி வைத்தார். பதினாறாம் நாளுக்குச் சுவரொட்டி அடிக்க நானும் அவரும் அச்சகத்துக்குப் போனோம். ஆச்சியின் படம், பிறப்பு, மறைவு, கீழே மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் பெயர். மாமா ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தட்டச்சு செய்த பையன் மகன்கள் வரிசையில் இரண்டாவது பெயரில் நிறுத்தி, திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"அண்ணாச்சி, இவர் பேருக்கு முன்னால லேட் போடணுமா?"

மாமா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்டே. பேரை மட்டும் போடு."